சிறியதும் மலிவானதும்: வளரும் பங்குச் சந்தைகளின் இரண்டு கணக்குகள்



பங்குச் சந்தை பற்றிப் பேச்சு என்றால், எந்தப் பங்கை வாங்கலாம் என்று தெரிந்துகொள்ள வருபவர்கள் சிலர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். அவர்களை முதலிலேயே ஏமாற்றிவிடுகிறேன். ஒரு மணி நேரம் உட்கார வைத்து ஏமாற்றுவதைவிட அது மரியாதை. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவை இரண்டு பழைய கூற்றுகள். சிறிய நிறுவனங்களின் பங்குகள் நீண்ட காலத்தில் பெரிய நிறுவனப் பங்குகளைவிட அதிகம் ஈட்டும் என்பது ஒன்று. கணக்கேட்டில் உள்ள நிகரச் சொத்தின் மதிப்பான புத்தக மதிப்போடும் லாபத்தோடும் ஒப்பிடும்போது மலிவாகக் கிடைக்கும் பங்குகள், எல்லோரும் விரும்பி விலையேற்றிய பங்குகளைவிட அதிகம் ஈட்டும் என்பது மற்றொன்று. இந்தியா, கொரியா, சீனா போன்ற வளரும் சந்தைகளில் இரண்டுமே கூடுதல் வலுவோடு பலிக்கும் என்று சொல்லிப் பணம் திரட்டுகிறவர்கள் உண்டு.

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சொல்லக் கூடாது என்பதே என் வாதம். மலிவு பற்றிய கூற்று சோதனைகளைத் தாங்கி நிற்கிறது. சிறுமை பற்றிய கூற்றோ, பெரும்பாலும் நிறுவனங்களின் பட்டியலை யார் எப்படி எழுதினார்கள் என்பதிலிருந்து பிறந்தது.

இந்தக் கூற்றுகள் பிறந்தது அமெரிக்கத் தரவில். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த சஞ்சோய் பாசு, குறைந்த பி.இ. விகிதத்தில், அதாவது லாபத்தோடு ஒப்பிடும்போது குறைந்த விலையில், விற்கும் பங்குகள் கூடுதல் வருமானம் தந்ததை 1977-இல் எழுதினார். 1981-இல் ரால்ஃப் பான்ஸ், நியூயார்க் சந்தையின் 1936 முதல் 1975 வரையிலான விலைகளை வைத்து, மிகச் சிறிய நிறுவனங்கள் அவற்றின் அபாயத்துக்கு ஏற்ற அளவைவிட அதிகமாக ஈட்டியதாகக் காட்டினார். 1992-இல் ஃபாமாவும் ஃபிரெஞ்சும் இரண்டையும் ஒரே கட்டுரையில் இணைத்தார்கள்; மறுவருடமே அவை பங்கு வருமானத்தை விளக்கும் ஒரு மாதிரியின் உறுப்புகளாயின. அன்று முதல் சிறுமையும் மலிவும் இரட்டைப் பிள்ளைகள்போல் பாடப்புத்தகங்களில் கைகோத்து நிற்கின்றன.

உடனே ஓர் ஐயம் எழுந்தது. ஒரே நாட்டின் ஒரே விலைக்கோப்பைப் பல நூறு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சலித்தால், தற்செயலாகவே ஏதாவது ஒன்று அகப்படத்தான் செய்யும். அந்த ஐயத்தைத் தீர்க்க, அதே கேள்வியை யாரும் இன்னும் சலிக்காத தரவிடம் கேட்க வேண்டும். வளரும் சந்தைகள் ஆய்வுலகுக்கு முக்கியமானது இதனால்தான். உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் 1980-களிலிருந்து இந்தச் சந்தைகளின் விலைகளை ஒழுங்காகத் திரட்டி வைத்திருந்தது. ஃபாமாவும் ஃபிரெஞ்சும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையில் வளர்ந்த நாடுகள் 13-இல் 12-இல் மலிவுப் பங்குகள் முந்தியிருந்தன. 1987 முதல் 1995 வரையிலான வளரும் சந்தைத் தரவில் 16 நாடுகளில் 12-இல் மலிவும், 11-இல் சிறுமையும் வென்றன. அடுத்த ஆண்டே ரூவென்ஹார்ஸ்ட், 20 வளரும் சந்தைகளின் 1,705 நிறுவனங்களை வைத்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். இரட்டைப் பிள்ளைகள் கடல் கடந்தும் பிழைத்துவிட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு 2002-இல், 35 நாடுகளின் 1985 முதல் 2000 வரையிலான தரவை வைத்து பாரி, கோல்ட்ரேயர், லாக்வுட், ரோட்ரிகஸ் என்ற நால்வர் ஓர் எளிய காரியம் செய்தார்கள். வருமானப் பட்டியலின் இரு கோடிகளிலும் இருக்கும் அசாதாரண எண்களை நீக்கிவிட்டு அதே கணக்கைத் திரும்பப் போட்டார்கள். மலிவுப் பங்குகளின் அனுகூலம் அப்படியே நின்றது. சிறு நிறுவனங்களின் அனுகூலம் நிற்கவில்லை. அமெரிக்கத் தரவிலேயே நெஸ், ரெடி இருவரும் 1997-இல் இதைக் காட்டியிருந்தார்கள். மிக உச்சமான ஒரு சதவீத எண்களை எடுத்துவிட்டால் சிறுமைக்குக் கிடைத்த பரிசு மறைந்துவிடுகிறது.

இதன் பொருளை ஒரு கணக்கில் பார்க்கலாம். நூறு சிறு நிறுவனங்களில் சம தொகை போடுகிறீர்கள். 99 நிறுவனங்கள் ஆளுக்குப் பத்து சதவீதம் இழக்கின்றன. ஒன்று மட்டும் 5,000 சதவீதம் ஏறுகிறது. சராசரி வருமானம் 40 சதவீதத்துக்கு மேல். ஆனால் இந்த நூறில் கண்ணை மூடிக்கொண்டு பத்தைப் பொறுக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நஷ்டத்தில் இருப்பார்கள். சராசரி பொய் சொல்லவில்லை. அந்த ஒற்றைப் பங்கு கையில் இல்லாதவருக்கு அந்தச் சராசரியால் பயனில்லை, அவ்வளவுதான்.

இது கற்பனைக் கணக்கு என்று நினைத்தால், மும்பைச் சந்தையில் 2024 அக்டோபர் 29 அன்று நடந்ததைப் பாருங்கள். எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்பது ஏசியன் பெயிண்ட்ஸ் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் ஒரு முதலீட்டு நிறுவனம். அதன் பங்கு ஒன்றின் புத்தக மதிப்பு லட்சக்கணக்கான ரூபாய். சந்தையில் எழுதியிருந்த விலை 3 ரூபாய் 53 காசு. அந்த விலையில் விற்க யாருக்குப் பைத்தியம்? விற்பவர் இல்லாததால் வணிகம் இல்லை. வணிகம் இல்லாததால் பழைய விலையே பல வருடம் நின்றது. இத்தகைய நிறுவனங்களுக்கு உண்மை விலை கண்டுபிடிக்கச் சிறப்பு ஏலம் நடத்தலாம் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வழிசெய்த பிறகு, ஒரே நாளில் விலை 2,36,250 ரூபாய்க்குப் போனது. ஏற்றம் 66 லட்சத்து 92 ஆயிரம் சதவீதத்துக்கும் மேல்.

இப்போது மலிவும் சிறுமையும் உள்ள ஆயிரம் இந்தியப் பங்குகளைச் சம எடையில் வைத்து ஓர் ஆய்வு மாணவர் கணக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 999 பங்குகள் ஒரு காசு அசையாவிட்டாலும், இந்த ஒன்றால் அந்த மாதத்தின் சராசரி வருமானம் 6,692 சதவீதம் என்று கணினி சொல்லும். அதை ஈட்டியவர் என்று ஏறக்குறைய எவரும் இல்லை. 3 ரூபாய் 53 காசுக்கு அந்தப் பங்கு கிடைப்பதே அரிது. இது உச்சமான உதாரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதன் சிறிய பதிப்புகள் எல்லா வளரும் சந்தைகளின் கடைசிப் பக்கங்களிலும் கிடக்கின்றன. மாதத்தில் இரண்டு நாள் மட்டும் கைமாறும் பங்கும், ஒரு நாளில் ஏறக்கூடிய விலையின் உச்சவரம்பான அப்பர் சர்க்யூட்டில் நாள்கணக்கில் பூட்டிக்கிடந்து, வாங்க ஆசைப்பட்டவர்களை வேடிக்கை பார்க்க வைத்த பங்கும் தரவுக்கோப்பில் முறையான விலையோடுதான் உட்கார்ந்திருக்கும்.

உயர்ந்த எண்கள் பற்றி இவ்வளவு போதும். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பட்டியலில் இல்லாமலே போன எண்கள்.

1992-இல் இந்தியாவில் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் பதவி ஒழிக்கப்பட்டது. எந்த விலைக்குப் பங்கு வெளியிடலாம் என்பதை அதுவரை டில்லி முடிவு செய்துவந்தது. இனி நிறுவனமே முடிவு செய்யலாம் என்றானது. அடுத்த மூன்று நான்கு வருடங்களில் புதிய வெளியீடுகள் கொட்டின. 1994-95 நிதியாண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். இறால் பண்ணை, தேக்கு வளர்ப்பு, கிரானைட், லீசிங் என்று அன்றைய நாளிதழ்களின் விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பணம் வாங்கிய பிறகு பல நிறுவனங்கள் கணக்குத் தாக்கல் செய்யவில்லை. பதிவு முகவரிக்குப் போனால் அங்கே அலுவலகமே இல்லை. அரசும் செபியும் சேர்ந்து தேடியதில், காணாமற்போன நிறுவனங்கள் என்று அதிகாரபூர்வமாகவே இருநூறுக்கும் மேல் பட்டியலிடப்பட்டன. முகவரி இருந்தும் உயிரில்லாமல் கிடந்தவை அந்தப் பட்டியலில் சேரவில்லை.

நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. 1937 முதல் இயங்கிய மெட்ராஸ் பங்குச் சந்தை, 1994-இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையோடு வந்த பிறகு மெல்ல வற்றி, 2015-இல் அங்கீகாரத்தை விட்டு வெளியேறியது. கோயம்புத்தூர் சந்தையும் போனது. இங்கே மட்டும் பட்டியலிடப்பட்டிருந்த சிறு நிறுவனங்களின் பங்குகள் தேசியச் சந்தைகளின் தகவல் பலகை ஒன்றுக்கு மாற்றப்பட்டன. அது வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள மட்டும் உதவும் பலகை. வீட்டு அலமாரியில் பழுப்பேறிய பங்குப் பத்திரங்கள் வைத்திருப்பவர்கள் இந்த மண்டபத்திலேயே சிலர் இருக்கக்கூடும். அந்தப் பத்திரங்களின் வருமானம் எந்த ஆய்வுக் கட்டுரையின் சராசரியிலும் இல்லை. மைனஸ் நூறு என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்த நிறுவனத்தின் வரிசையே கோப்பிலிருந்து நீங்கிவிட்டது.

பெரிய நிறுவனம் இப்படி ஓசையில்லாமல் மறையாது, சிறியது மறையும். ஆகவே காணாமற்போனவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அந்தப் பிழை முழுவதும் சிறு நிறுவனங்களுக்குச் சாதகமாகவே விழும். அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் நீக்கப்பட்ட பங்குகளின் கடைசி இழப்பைச் சேர்த்துக் கணக்கிட்ட ஷம்வே, வார்தர் இருவரும் 1999-இல் அங்கே சிறுமையின் பரிசு மறைந்துபோவதைக் காட்டினார்கள். சர்வதேச நிதிக் கழகத்தின் கோப்பில் வேறொரு சங்கடமும் உண்டு. அது ஒவ்வொரு நாட்டிலும் பெரிய, அதிகம் கைமாறும் பங்குகளைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்தது. அதில் சிறியது என்று பெயர் வாங்கியவை, பெரியவற்றுள் சிறியவை. தெருக்கோடிச் சிறியவை அதில் நுழையவே இல்லை.

இந்தியாவுக்கு இந்தக் குறைகளை நேராக எதிர்கொண்ட ஒரு கணக்கு இருக்கிறது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் அகர்வாலா, ஜேக்கப், ஜெயந்த் வர்மா மூவரும் 2013-இல் வெளியிட்டது. 1993 முதல் 2012 வரையிலான காலம். எளிதில் கைமாறாத பங்குகளை ஒதுக்கினார்கள். காணாமற்போன நிறுவனங்களின் இழப்புக்கு ஈடுசெய்து கணக்கிட்டார்கள். நம் நிறுவனங்கள் மார்ச்சில் கணக்கை முடித்துப் பல மாதம் கழித்தே வெளியிடுவதால், செப்டம்பர் இறுதியில்தான் பங்குகளை வகைப்படுத்தினார்கள். ஆய்வாளருக்குத் தெரிந்தது முதலீட்டாளருக்கும் அந்த நாளில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? விளைவு: மலிவுப் பங்குகள் விலையேறியவற்றை ஆண்டுக்குச் சராசரி 15.3 சதவீதம் முந்தின. சிறியவை பெரியவற்றை முந்தவில்லை, ஆண்டுக்கு 0.9 சதவீதம் பின்தங்கின. அந்தக் கட்டுரையின் மிகப் பெரிய எண் இரண்டுக்கும் சொந்தமில்லை. ஏறுகிற பங்கு மேலும் சில மாதம் ஏறும் என்ற உந்தத்துக்குத்தான் 21.9 சதவீதம் கிடைத்தது. அது வேறொரு நாளைக்கான பேச்சு.

சிறு நிறுவனப் பங்குகள் ஏறவே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023-இல் நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு 50 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதே குறியீடு 2018-இல் கால் பங்குக்கு மேல் இறங்கியது. நிஃப்டி 50 அந்த வருடம் சற்று ஏற்றத்தோடு முடிந்தது. 2008-இல் சென்செக்ஸ் பாதிக்கு மேல் இழந்தபோது மும்பைச் சந்தையின் ஸ்மால்கேப் குறியீடு ஏறத்தாழ முக்கால்வாசியை இழந்தது. ஏற்றத்தில் அதிகம் ஏறுவதும் இறக்கத்தில் அதிகம் இறங்குவதும் அபாயத்தின் குணம். அது பரிசு ஆக வேண்டுமானால், ஏற்ற இறக்கம் இரண்டையும் கூட்டிக் கழித்த பிறகு மிச்சம் இருக்க வேண்டும்.

ஸ்மால்கேப் என்ற பெயரே இன்று வேறு பொருளில் வழங்குகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். செபியின் 2017 விதிப்படி சந்தை மதிப்பில் 251-ஆம் இடத்திலிருந்து கீழே எல்லாம் ஸ்மால்கேப். 2024 இறுதியில் முப்பதாயிரம் கோடி ரூபாய் நிறுவனம்கூட அந்த வரிசையில் வந்தது. பான்ஸ் ஆராய்ந்த குட்டி நிறுவனங்களின் புகழை இந்த முப்பதாயிரம் கோடி நிறுவனத்துக்குச் சூட்டி ஃபண்டு விற்பது நியாயமில்லை. இவ்வளவு பெரிய ஸ்மால்கேப் பங்குகளை விற்பதே சுலபமில்லை. 2024 மார்ச்சில் மியூச்சுவல் ஃபண்டுகள் அழுத்தச் சோதனை முடிவுகளை வெளியிட்டபோது, சில பெரிய ஸ்மால்கேப் ஃபண்டுகளுக்குத் தங்கள் இருப்பில் பாதியை விற்க ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும் என்று தெரிந்தது.

சீனாவில் சிறுமை வேறொரு வேடம் போட்டது. அங்கே புதிதாகப் பங்கு வெளியிட அரசின் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி தர வேண்டியிருந்தது, வரிசையும் நீளமாக இருந்தது. பொறுமையில்லாத தனியார் நிறுவனம், ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் நோஞ்சான் நிறுவனம் ஒன்றை வாங்கி, அதன் கூட்டுக்குள் புகுந்து சந்தைக்கு வந்துவிடும். அதனால் தொழிலே நடக்காத குட்டி நிறுவனத்துக்கும் ஒரு விலை இருந்தது. அந்த விலை அதன் பட்டியல் இடத்துக்கு. லியூ, ஸ்டாம்பா, யுவான் மூவரும் 2019-இல் எழுதிய கட்டுரையில் மிகச் சிறிய 30 சதவீத நிறுவனங்களையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத்தான் சீனச் சந்தையை ஆராய்ந்தார்கள். மலிவை அளக்கவும் அங்கே புத்தக மதிப்பைவிட லாபத்துக்கும் விலைக்குமான விகிதமே பொருந்தியது. ஏறக்குறைய பாசுவின் 1977 அளவுகோல். அனுமதி முறை தளர்ந்து 2023-இல் பதிவு முறை முழுச் சந்தைக்கும் வந்துவிட்டது. கூட்டுக்கு இருந்த விலை இனி குறைய வேண்டும். குறைந்தால், சீனாவின் பழைய சிறுமைப் பரிசு ஓர் அரசாங்க வரிசையின் நீளத்தை அளந்தது என்பது உறுதியாகும்.

மலிவு ஏன் நிற்கிறது? புத்தகங்களில் இரண்டு விடைகள் உண்டு. மலிவுப் பங்கு சிரமத்தில் இருக்கும் நிறுவனத்தின் பங்கு, கூடுதல் வருமானம் அந்த அபாயத்துக்குக் கூலி என்பது ஃபாமா தரப்பு. மக்கள் நேற்றைய வளர்ச்சியை நாளைக்கும் நீட்டிப் பார்த்து நல்ல பங்கை அதிக விலைக்கும் சோர்ந்த பங்கை அற்ப விலைக்கும் தள்ளுகிறார்கள் என்பது லகோனிஷாக், ஷ்லைஃபர், விஷ்னி 1994-இல் சொன்னது. வளரும் சந்தைகளுக்கு இவை போதாது என்பது என் கருத்து. இங்கே மலிவின் பெரும்பகுதி அவநம்பிக்கை. புத்தகத்தில் நூறு ரூபாய் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. அந்த நூறில் சிறு பங்குதாரரின் கைக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதுதான் கேள்வி. நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் புரமோட்டர் தன் இன்னொரு நிறுவனத்துக்குக் கடன் கொடுத்துவிடலாம். மகனின் நிறுவனத்தோடு தோதான விலையில் இணைத்துவிடலாம். டிவிடெண்டே தராமல் இருபது வருடம் இழுக்கலாம்.

நம் பொதுத்துறை வங்கிகள் இதற்கு நல்ல பாடம். 2010-களின் நடுவில் அவற்றில் பல புத்தக மதிப்புக்குக் கீழே விற்றன. மலிவு என்று வாங்கியவர்கள் அடிபட்டார்கள், ஏனென்றால் புத்தகம் சரியில்லை. 2015-இல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர மறுஆய்வைத் தொடங்கியபின் மறைந்திருந்த வாராக்கடன்கள் வெளியே வந்தன. 2018 மார்ச்சில் வங்கித் துறையின் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. 2017-இல் அரசு 2.11 லட்சம் கோடி ரூபாய் மறுமூலதனத் திட்டம் அறிவித்தது. புதிய மூலதனம் வரும்போது பழைய பங்குதாரரின் பங்கு நீர்த்துப்போனது. அத்தனை கழிவும் புத்தகத்தில் ஏறிய பிறகு, 2020-இலும் அதே வங்கிகள் புத்தக மதிப்புக்குக் கீழேதான் விற்றன. ஆனால் இம்முறை புத்தகம் சுத்தமாக இருந்தது. அடுத்த நான்கு வருடங்களில் நிஃப்டி பொதுத்துறை வங்கிக் குறியீடு பல மடங்கானது. இரண்டு தேதிகளிலும் விகிதம் ஒன்றுக்குக் கீழே. கணக்கின் நம்பகம் வேறு. மலிவுப் பரிசு சராசரியாக 15 சதவீதம் என்று சொல்லும் அட்டவணைக்குள் இந்த இரண்டு வகையும் கலந்தே கிடக்கின்றன.

கொரியாவில் இந்த அவநம்பிக்கைக்கு ஊரறிந்த பெயரே உண்டு: கொரியத் தள்ளுபடி. உலகத் தரத்தில் கார், கப்பல், சிப் செய்யும் நாட்டின் பங்குச் சந்தை, வருடக்கணக்கில் மொத்தமாகவே புத்தக மதிப்பை ஒட்டியும் அதற்குக் கீழேயும் விற்றது. சேபல் எனப்படும் குடும்பக் குழுமங்கள் சிறு பங்குதாரரைக் கேட்காமல் நிறுவனங்களைப் பிரிப்பதும் இணைப்பதும் அதற்கு முக்கியக் காரணம். புத்தக மதிப்புக்குக் கீழே விற்கும் நிறுவனங்கள் திருந்தும் திட்டத்தை வெளியிட வேண்டும் என்று டோக்கியோ சந்தை 2023-இல் கேட்டுக்கொண்டதைப் பார்த்து, கொரிய அரசு 2024 பிப்ரவரியில் தன் மதிப்புயர்வுத் திட்டத்தை அறிவித்தது. 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம் வணிகச் சட்டத்தைத் திருத்தி, இயக்குநர்களின் கடமை நிறுவனத்துக்கு மட்டுமல்ல, பங்குதாரர்களுக்கும் உண்டு என்று எழுதியது. அந்த வருடம் கொரியச் சந்தையின் கோஸ்பி குறியீடு முதன்முறையாக 4,000-ஐத் தாண்டியது. சிப் விலை ஏற்றமும் அதில் சேர்ந்திருப்பதால் முழுப் பெருமையையும் சட்டத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டியது இதன் அடுத்த கட்டத்தை. தள்ளுபடி குறையும் வருடங்களில் மலிவுப் பங்குகள் பெரும் வருமானம் காட்டும். அது ஒருமுறை மட்டும் கிடைக்கும் தொகை. நம்பிக்கை நிலைபெற்ற பிறகு, அதே விகிதத்தில் வாங்கும் அடுத்த முதலீட்டாளருக்கு அது கிடைக்காது. ஆனால் கொரியாவின் 2024, 2025 ஆண்டுகளைச் சேர்த்துப் போடும் எந்தச் சராசரியும் மலிவுப் பரிசு முன்னைவிட உயர்ந்திருப்பதாகக் காட்டும். அவநம்பிக்கைதான் மலிவின் காரணம் என்ற என் வாதம் சரியென்றால், சிறு பங்குதாரர் பாதுகாப்புச் சட்டம் மாறிய தேதிக்கு முன், பின் என்று தரவைப் பிரித்துப் போட்டால் பின்பகுதியில் பரிசு மெலிய வேண்டும். மெலியாவிட்டால் ஃபாமாவின் அபாயக் கூலியோ லகோனிஷாக்கின் மனச்சாய்வோ என்னைவிடச் சரி. கொரியா, இந்தியா, பிரேசில் மூன்றிலும் இதற்கான தேதிகள் அரசிதழில் இருக்கின்றன.